இரண்டு 'அழாதே'

அன்புள்ள குருவிக்கு, அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாம் சுகம், எனக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சுகம். அங்கே குளிர் கடுமை என்றாயே, காதை மூடாமல் வேலைக்குக் கிளம்பாதே.

போனில் நீ விட்டுடும்மா என்றாய். நான் விடவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், பாதியில் மடித்து வைக்காமல் படி. நம் பட்டறையில் இருபது வருஷமாகச் செய்கிற குழந்தைகள் வாயில் வைத்துச் சப்புகிற ரப்பர் சூப்பானுக்கு 'அழாதே' என்று பெயர் வைத்தவள் நான். அதை வார்க்கிற அச்சு மெஷின் சத்தத்துக்குத் தாளம் போட்டுக்கொண்டே அதே பெயரில் பாட்டுக் கட்டினவள் நீ. நீ கடல் தாண்டியதும் உன் குழுவில் பாடின சுருட்டைமுடிக்காரன் உன் ஒன்பது பாட்டையும் அள்ளி, 'அழாதே' என்று ராக் ஆல்பம் போட்டு, எழுத்தும் இசையும் தானே என்று அட்டையில் அச்சடித்துக்கொண்டான். நம் வீட்டில் சாப்பிட்ட கை அது. மழை பெய்த ஒரு மாலையில் எல்லாம் தானாக ஊற்றெடுத்ததாம், பேட்டி வேறு. அன்றிலிருந்து எனக்குத் தொண்டையில் முள்.

போன மாதம் அவனுடைய மேனேஜர் பட்டறைக்கு வந்தார், புது ஆள், நம்மைத் தெரியாது. ஆல்பத்தின் பெயரிலேயே சூப்பான் இருப்பதைக் கடையில் பார்த்தாராம். கச்சேரியில் கூட்டத்துக்கு வீச இரண்டாயிரம் சூப்பான் வேண்டும் என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஆல்பத்துக்கு என்றால் சூப்பான்மேல் பாட்டு எழுதினவர் பெயரும் போட வேண்டாமா என்று கேட்டேன். தாராளமாகப் போடுங்கள் என்றார். அங்கேயே ஒன்றில் அச்சடித்து மாதிரியைக் கையில் கொடுத்தேன். 'அழாதே', அதன்கீழே 'பாட்டும் மெட்டும் குருவி'. அவனுடைய புனைபெயர் என்று நினைத்தாரோ என்னவோ, தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுப் போனார். அப்பாதான் வேண்டாம் என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானே வந்து பெட்டிகளுக்கு டேப் ஒட்டினார்.

கச்சேரிக்கு நானும் போனேன், மூன்றாவது வரிசை. சுருட்டை சிரித்துக்கொண்டே கை நிறைய அள்ளி வீசினான். பிடித்தவர்கள் படித்தார்கள். யார் குருவி என்று ஒரு பெண் கேட்டாள், பிறகு அரங்கமே கேட்டது. அச்சுப் பிழை என்றான் அவன். அப்போது டிரம்ஸ் தடியன், நீ தம்பி என்று கூப்பிடுவாயே அவன்தான், குச்சியைக் கீழே வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தான்.

"பிழையெல்லாம் இல்ல. ஒன்பது பாட்டும் குருவி அக்கா எழுதினது. எனக்குத் தெரியும், பயந்துக்கிட்டு வாய மூடிட்டு இருந்தேன்."

சுருட்டையின் முகம் வெளிறினதை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். கச்சேரி அதோடு நின்றது.

மறுநாள் பட்டறைக்கு வந்தான். பிழை என்று நான் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் போதுமாம், இல்லாவிட்டால் அவன் வாழ்க்கையே போய்விடுமாம். "உன் கையால நீதான் எழுதணும், நான் சொல்ற மாதிரி" என்றேன். இல்லாவிட்டால் தடியனைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவேன் என்றேன். ஒன்பது பாட்டின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, எல்லாம் குருவியுடையவை என்று எழுத வைத்தேன். ஒரு எழுத்து தப்பாக விழுந்தது, முழுசும் திரும்ப எழுத வைத்தேன். கண் கலங்கிப் போனான். எனக்கு இரக்கம் வரவில்லை, நல்ல பசி வந்தது.

அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான், ஆனால் வருத்தமில்லை. தடியனுக்கு இரண்டு வரி எழுது, அவனுக்கு இப்போது வேலை இல்லை. நீ நூறு வருஷம் நிறைவாக வாழ வேண்டும். தாளின் அடியில் நீ ஒப்பமிட இடம் விட்டிருக்கிறேன். முதலில் கையெழுத்துப் போட்டு அனுப்பு, ஆல்பத்தில் உன் பெயர் ஏறட்டும், அப்புறம் என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்காத அம்மா