மெல்தம் சீமாட்டி இன்று பேசினார்

மார்ச் 4

மெல்தம் சீமாட்டி இன்று பேசினார். மின்னஞ்சல் எப்போதும் இப்படித்தான் வரும். ஒரு வாக்கியம், கீழே ஓர் இணைப்பு. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்கு அடியில் கைபேசியை வைத்துத் திறந்தேன்.

முள்ளெலிகள் சாலையைக் கடக்கச் சுரங்கப் பாதை வேண்டுமாம். அதைப் பற்றித்தான் பேச்சு.

சிறையில் இருக்கும் என் அண்ணன் டெக்லனைப் பற்றி இல்லை. அவனைப் போன்றவர்களைப் பற்றியும் இல்லை.

நவம்பரில் ஒருமுறை சொன்னார்: அவர்களை உள்ளே வைத்த சட்டம் செத்துவிட்டது, அதன் கைதிகள் மட்டும் உயிரோடு உள்ளே இருக்கிறார்கள் என்று. அன்றிலிருந்து அவர் கேட்கும் கேள்வி, போடும் ஓட்டு, வராத நாள், எல்லாவற்றையும் பின்தொடர்கிறேன். முன்பு சிறை மருத்துவராக இருந்தவர். கட்சி இல்லாதவர். பிரபுக்கள் சபையில் இரு தரப்புக்கும் நடுவே குறுக்காகப் போட்ட இருக்கையில் உட்காருகிறவர். இதைப் பேசு, இதற்கு ஓட்டுப் போடு என்று யாரும் அவருக்குச் சொல்ல முடியாது. அதனால்தான் நம்புகிறேன். அதனால்தான் பயமும். மனம் முள்ளெலி பக்கம் போனால் முள்ளெலிதான்.

டோனியா கருவிகளைக் கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். “என்னடி, உன் ஆளு எழுந்தாச்சா? காதலன் மெசேஜுக்குக்கூட எவளும் இப்படிக் காத்துக் கெடக்க மாட்டா.”

மார்ச் 9, ஞாயிறு

அம்மாவும் நானும் சிறைக்குப் போனோம். டெக்லன் இன்னும் மெலிந்திருக்கிறான். முன்பல் ஒன்று இல்லை.

“பல் ஆஸ்பத்திரில வேல பாக்கறவளோட அண்ணன்டா நான்னு சொன்னா இங்க எவனும் நம்ப மாட்டேங்கறான்” என்றான்.

பத்தொன்பது வயதில் ஒருவனை அடித்துக் கைபேசியைப் பிடுங்கினான். குறைந்தது இரண்டு வருடம் என்றார் நீதிபதி. அதற்குப் பிறகு, இவனால் ஆபத்தில்லை என்று தோன்றும்வரை. பின்னால் அந்தத் தண்டனையே தவறு என்று நீக்கிவிட்டார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். அவன் உள்ளே போனபோது எனக்குப் பன்னிரண்டு. இப்போது இருபத்தேழு. யாருக்குத் தோன்ற வேண்டும்? எப்போது தோன்றும்?

“கோர்ஸ் முடிச்சாத்தான் பரோல் போர்டு பேசுமாம். அந்தக் கோர்ஸ் இந்த ஜெயில்ல கெடையாதாம். இருக்கற ஜெயில்ல எடம் இல்லயாம்.” சிரித்தான். “உன் சீமாட்டி என்ன சொல்றாங்க?”

“முள்ளெலி.”

“அதுங்களுக்காவது வெளிய போக வழி போடறாங்களே.”

அம்மா சிரிக்கவில்லை. பக்கத்து அறைக்காரன் ஜனவரியில் தன்னை முடித்துக்கொண்டான். இதே தண்டனை. டெக்லன் அதை மழை வரும்போல என்பது மாதிரிச் சொன்னான். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 27

தாக்கல் செய்துவிட்டார். சிறைகள் மசோதாவில் ஒரு திருத்தம். மெல்தம் சீமாட்டி பெயர் மட்டும், கூட வேறு பெயர் இல்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு விடுதலைத் தேதி.

தேதி. காலண்டரில் ஒரு கட்டம்.

மாலையில் டெக்லன் கூப்பிட்டபோது படித்துக் காட்டினேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னான். பிறகு, “தேதின்னா… நெசமான தேதியா பிரை? நாள், மாசம் எல்லாம் போட்டு?”

ஏப்ரல் 11

அவன் இப்போது தினமும் கூப்பிடுகிறான். கடலைப் பற்றிக் கேட்கிறான். ஸ்கார்பரோவில் அந்த மீன் கடை இன்னும் இருக்கிறதா என்று. இப்படிக் கேட்கிற டெக்லனைக் கண்டு நான் பயப்படுகிறேன். ஏன்? நம்பிக்கை அவனுக்குப் பழக்கமில்லாத உணவு.

ஏப்ரல் 24

இன்று குழு நிலை, மசோதாவின் திருத்தங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசும் நாள். டோனியா தொலைபேசிகளைப் பார்த்துக்கொண்டாள். நான் மருந்து அறையில் நின்று நேரலை பார்த்தேன்.

எழுந்தார். சீமாட்டிக்குச் சிறிய உருவம், சாம்பல் நிறக் கோட்டு. குரல் உயரவே இல்லை. ஒரு கைதியைத் தனக்குத் தெரியும் என்றார், ஒவ்வொரு புத்தாண்டுக்கும் காலண்டரைத் திருப்பிச் சுவரைப் பார்க்க மாட்டிவைப்பவன். மூன்று பேர் ஆதரித்துப் பேசினார்கள். அமைச்சர் கனிவாக எழுந்து, கனிவாக ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார்.

மீண்டும் அவர் எழுந்தார். அமைச்சருக்கு நன்றி சொன்னார். நன்றி! பிறகு—

“என் திருத்தத்தைத் திரும்பப் பெற அனுமதி வேண்டுகிறேன்.”

திரும்பப் பெற. யாரும் தோற்கடிக்கவில்லை. யாரும் கேட்கக்கூட இல்லை. தானே எடுத்துக்கொண்டார். அதற்கும் அனுமதி வேண்டுகிறார்.

மாலை

கூப்பிட்டான். முதல் மணியிலேயே எடுத்தேன்.

“என்ன ஆச்சு?”

“வாபஸ் வாங்கிட்டா.”

“யாரு?”

“அவதான். அவளே.”

மூச்சுச் சத்தம் கேட்டது. கதவுகள் சாத்தும் ஒலி. “சரி பிரை” என்றான். “அம்மாவப் பாத்துக்க.”

வைத்துவிட்டான்.

அம்மாவப் பாத்துக்க. இதென்ன பேச்சு. இதென்ன பேச்சுடா இது.

ஏப்ரல் 27

கூப்பிடவில்லை. நாம் அவனைக் கூப்பிட முடியாது. அவன் அழைத்தால்தான் உண்டு.

சீமாட்டிக்கு மின்னஞ்சல் எழுதினேன். ‘முள்ளெலிகள் விஷயத்தில் நீங்கள் எதையும் வாபஸ் வாங்கவில்லையே’ என்று முடித்தேன். அனுப்பியும்விட்டேன்.

ஏப்ரல் 30

தெரியாத எண். வேலை நேரம். எடுத்தேன்.

“பிரையனிங்களா? நான் மெல்தம் பேசறேன். ரயில்ல நிக்கறேன், சத்தமா இருக்கும், மன்னிச்சுக்குங்க.”

எதிரே நின்ற நோயாளியிடம் கையைக் காட்டி உட்காரச் சொன்னேன்.

“ஒங்க மெயிலப் படிச்சேன். கோவம் நியாயந்தான். ஆனா குழு நிலைல யாரும் ஓட்டுக்கு விடறதில்லம்மா. பேசணும், அமைச்சர் வாயால ஒரு பதிலப் பதிவுல வாங்கணும், அப்பறம் எடுத்து வச்சுக்கணும். அது எங்க சபை வழக்கம். அங்கயே ஓட்டுக்கு விட்டுத் தோத்தா அதே திருத்தத்த மறுபடி கொண்டு வர முடியாது. அடுத்த கட்டம் ஜூன்ல. அப்பத்தான் நெஜச் சண்ட.”

“அப்ப அது… சாகலையா?”

“எங்க செத்துது? என் பையிலதான் இருக்கு.”

மருந்து அறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அவருடைய எல்லா ஓட்டும் எனக்குத் தெரியும். எந்தெந்த நாள் வரவில்லை என்று தெரியும். இது தெரியவில்லை. அந்தச் சபையில் பால் குடிக்கிற பூனைக்குக்கூடத் தெரிந்திருக்கும் இது.

சாகவில்லை. அவனுக்கு இதை எப்படிச் சொல்வது?

மே 2

சிறையின் அவசர எண். பதிவுசெய்த குரல். செய்தி சொன்னேன்: “டெக்லன் கிட்ட சொல்லுங்க, வாபஸ்னா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம் இல்ல.” மறுபடி அழைத்தேன். மறுபடி அதையே சொன்னேன். கேட்பவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். கேட்டிருந்தால்.

மே 6

ஓர் அதிகாரி திரும்ப அழைத்தார். “கண்காணிப்புல வச்சிருக்கோம். கதவுத் தொளை வழியா அப்பப்ப பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்.” ஏன் என்று கேட்டேன். “அதெல்லாம் ஃபோன்ல சொல்ல முடியாதும்மா.”

உயிரோடு இருக்கிறான். அவ்வளவு தெரிகிறது.

மே 11, ஞாயிறு

மூன்று பேருந்து மாறிப் போனோம். சாளரத்தில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “கைதி வர விரும்பல.”

திரும்பும் வழியெல்லாம் அம்மா பேசவில்லை. வீட்டு வாசலில் கோட்டைக் கழற்றாமல் நின்று சொன்னாள்: “பதினஞ்சு வருஷமா அவன் எப்படியோ ஓட்டிட்டிருந்தான்டி. ஒன்னும் எதிர்பாக்காம. நீதான் அவன் வாயில சக்கரைய வச்ச. நீதான் புடுங்கின.”

அவள் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

மே 12

டெக்லனுக்குக் கடிதம் எழுதிப் போட்டேன்.

மே 19

எழுதிப் போட்டேன்.

மே 20

மெல்தம் சீமாட்டி இன்று பேசினார். ஆற்று நீரில் கழிவு. முழுவதும் பார்த்தேன். வேறு யாருடைய குரல் எனக்கு வருகிறது?

மே 31

சிறைப் பாதிரியார் அழைத்தார். டெக்லன் சாப்பிடுகிறான், கொஞ்சம். என் கடிதங்கள் உறை பிரிக்காமல் ஜன்னல் ஓரத்தில் இருக்கின்றன. ஜூனில் மறுபடி வருகிறது என்று அவரையே சொல்லச் சொன்னேன். மாலை திரும்ப அழைத்தார்; சொன்னாராம். “அப்படியா”ன்னானாம். அவ்வளவுதான்.

ஜூன் 10

சீமாட்டி மறுபடி அழைத்தார். நாளைதான் அந்த அடுத்த கட்டம்.

“உண்மையச் சொல்லிடறேன். நாளைக்கு நெறய திருத்தம் வரிசைல இருக்கு. நம்மளுது வரும்போது சாப்பாட்டு நேரம் தாண்டிடும். அரசுக் கட்சிக்காரங்கள எதிர்த்துத்தான் ஓட்டுப் போடணும்னு கட்டிப் போட்டு வச்சிருப்பாங்க. எதிர்க்கட்சி ஓட்டே போடாது. கைதிய வெளிய விட்டாங்கங்கற பேரு அவங்களுக்கு வேணாம். எங்க வரிசைல வயசானவங்க எல்லாம் ரயிலுக்குக் கெளம்பிடுவாங்க. அவங்களக் கூப்பிட்டு நிறுத்த எனக்கு ஆள் இல்ல. நாலு பேருக்குப் பொதுவா ஒரு மேசைதான் என் ஆபீஸ்.”

“அப்ப தோத்துடுவோமா?”

“தோத்துடுவோம். தோத்தா, சபையே வேணாம்னுடுச்சுன்னு பதிவாயிடும். இன்னும் சில வருஷத்துக்கு அதையே காட்டுவாங்க. அமைச்சர் ஒரு ஆய்வுக் குழு போடறேங்கறார், ஓட்டுக்கு விடலன்னா. அத வாங்கிக்கிட்டுத் திரும்ப எடுத்துக்கறதுதான் புத்திசாலித்தனம்.” பிறகு சொன்னார்: “நான் யார்கிட்டயும் கேட்டு ஓட்டுப் போடறவ இல்ல. ஆனா ஒங்களக் கேக்கணும்னு தோணுச்சு.”

பல்லைக் குடையும் ஓசை உள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

“இன்னொரு தடவ வாபஸ்ங்கற அந்த வார்த்தைய அவன்கிட்ட என்னால சொல்ல முடியாது” என்றேன்.

உள்ளே இருக்கும் மற்றவர்களை நினைத்தேனா? இல்லை. அவர்களுக்கு அந்த ஆய்வுக் குழு ஏதாவது செய்திருக்கலாம். நான் டெக்லனை மட்டும் நினைத்தேன்.

ஜூன் 11

லண்டன். பார்வையாளர் மாடம். வெளியே இன்னும் வெளிச்சம்.

கீழே குறுக்கு இருக்கைகள் பாதி காலி. ஒரு கிழவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார், சீமாட்டியைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார்.

அமைச்சர் ஆய்வுக் குழு என்றார். மூன்று முறை. ஒவ்வொரு முறையும் சீமாட்டியைப் பார்த்து. அவர் எழுந்தார். நன்றி சொன்னார். என் கை கம்பியைப் பிடித்திருந்தது.

“சபையின் கருத்தைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறேன்.”

ஓட்டுக்கு விடுகிறார். மணி அடித்தது. எழுந்து இரண்டு வழியாகப் பிரிந்து நடந்தார்கள். ஓட்டு என்பது அங்கே கை தூக்குவதல்ல, நடப்பது. ஊன்றுகோலோடு ஒருவர், சக்கர நாற்காலியில் ஒருவர், நம் பக்க வாசலுக்குள். மெதுவாக.

ஆதரவு எண்பத்தேழு. எதிர்ப்பு நூற்று அறுபத்தொன்று.

வெளியே படிக்கட்டில் அவர் என் கையைப் பிடித்தார். கை குளிர்ந்திருந்தது. “தப்புப் பண்ணிட்டமோ என்னமோ” என்றார். அவரும் அதைக் கேள்வியாகத்தான் சொன்னார்.

ஜூன் 12

எதுவும் இல்லை.

ஜூன் 14

டெக்லன்.

ஏழு வாரத்துக்குப் பிறகு அவன் குரல். கரகரப்பாக, தூசி தட்டியதுபோல.

“பாதிரியார் சொன்னாரு. தோத்துடுச்சாமே.”

“ஆமா.”

“அந்தம்மா எடுத்துக்கலையா?”

“எடுத்துக்கல. எண்ணச் சொன்னாங்க.”

“எத்தன?”

“எண்பத்தேழு.”

“எண்பத்தேழு பேரா? சும்மா கை தூக்கினாங்களா?”

“இல்லடா. எந்திரிச்சு நடந்தாங்க. சாப்பாட்டுக்குப் போகாம. ஒரு கெழவரு ரயில விட்டாரு.”

“யாரு யாரு?”

“என்ன?”

“பேரு போட்டிருப்பாங்கள்ல. படி.”

கணினியைத் திறந்தேன். அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள், கையில் துடைக்கும் துணியோடு. ஆங்கில அகர வரிசையில் இருந்தது. ஆஸ்கார்த் பிரபு. பிக்கர்ஸ்டன் பிரபு. காக்ஸ்வோல்ட் சீமாட்டி. அவசரப்படாமல் படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அவன் ‘ம்’ என்றான். டன்ஸ்பி பிரபு. “அவரு யாரு?” தெரியாது என்றேன். “சரி, மேல.” ஃபிலிங்கம் சீமாட்டி. கில்டர்சோம் பிரபு.

அவன் தொலைபேசிக் கணக்கில் நிமிடம் தீரப் போவதாகக் குறுக்கே ஒரு குரல் சொன்னது.

“எங்க நிறுத்தினோம்?”

“கில்டர்சோம்.”

“குறிச்சு வச்சுக்க” என்றான். “மிச்சத்த நாளைக்குப் படி.”