காக்கையை விரட்டிய பனங்காடை

என் வசந்தாவுக்கு,

நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியாமலேயே எழுதுகிறேன். கோபமாக இருக்கிறாயா, இல்லையா? அதுவாவது தெரிந்தால் தேவலை. நேற்று உன் முதல் வருஷப் படையல். அங்கே நடந்த கூத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நம் விரிஞ்சிபுரம் வீட்டுக்குப் பின்னால் இடி விழுந்து மொட்டையாய் நிற்கிறதே தென்னை, அதன் பொந்தில் இந்த வருஷமும் பனங்காடை குஞ்சு பொரித்திருக்கிறது. கம்பியில் உட்கார்ந்திருந்தால் பெரிய தலையும் குட்டைக் கழுத்துமாய், மங்கலான பழுப்பில் சோம்பேறி மாதிரி இருக்கும். இறக்கையை விரித்தால்தான் கருநீலமும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாய்ப் பளிச்சென்று அடிக்கும். உட்கார்ந்திருப்பது ஒரு பறவை, பறப்பது வேறொன்று என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். "இன்னாங்க, ரெண்டும் ஒண்ணுதாங்க!" என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் நீ அதைத்தானே பார்த்துக்கொண்டிருப்பாய்.

நேற்று நம் பெண் சரண்யாதான் தனி ஆளாய்ச் சமைத்தாள். புதுப்புடவை, மஞ்சள், குங்குமம் எல்லாம் உன் படத்தின் முன்னால் வைத்தோம். என் அக்கா வழக்கம்போல் எல்லோரையும் விரட்டி வேலை வாங்கினாள். நான் மாடிச் சுவரின்மேல் இலைத்துண்டில் சோற்றை வைத்து "கா... கா..." என்று கூப்பிட்டேன். காக்கை உடனே வந்தது. அது சோற்றில் வாய் வைப்பதற்குள் பொந்திலிருந்து பனங்காடை பாய்ந்தது பார்! "கக் கக்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, காற்றில் குட்டிக்கரணம் போட்டு, காக்கையின் முதுகில் ஒரு கொத்து. காக்கை ஓடியே போய்விட்டது. அடுத்து வந்ததற்கும் அதே பூசை.

வெயில் ஏறிவிட்டது. காக்கை எடுக்காமல் கீழே யாரும் சாப்பிட முடியாதே. சரண்யாவோடு மாடிக்கு ஏறி வந்த அக்கா ஆரம்பித்தாள்.

"வசந்தா கோவமா இருக்காடா. சத்துவாச்சாரி கிறிஸ்டியன் பையனத்தான் கட்டிக்குவேன்னு இவ நிக்கிறா இல்ல? பெத்தவ எப்படி சோத்தத் தொடுவா?"

சரண்யாவின் முகம் செத்துப்போய்விட்டது. அந்தப் பையன் ஜோசப்பைப் பற்றி அவள் உன்னிடம்தான் முதலில் சொன்னாள். "யோசிச்சு சொல்றேண்டி" என்றாய். அந்த வாரமே நெஞ்சு வலி என்று படுத்தவள், பதில் சொல்லாமலே போய்விட்டாய். ஒரு வருஷமாய் அந்தப் பதிலுக்குத்தான் பெண் காத்திருக்கிறாள்.

"அம்மாவுக்கு இஷ்டமில்லையாப்பா? அப்டின்னா சொல்லு, நான் வாணாம்னு சொல்லிடறேன்" என்றாள்.

"முதல்ல ஆள வெச்சு அந்த மரத்த வெட்டிப் போடு. அப்புறமும் காக்கா வர்லன்னா, அவளுக்குக் கோவம்தான்" என்றாள் அக்கா. நானும் குழம்பிப்போய், மரம் வெட்டுகிறவருக்குப் போன் போடலாம் என்று மாடியிலேயே நின்றேன். அப்போது பனங்காடை ஒரு வெட்டுக்கிளியைக் கவ்விக்கொண்டு வந்து, கம்பியில் இரண்டு அடி அடித்துவிட்டுப் பொந்துக்குள் தலையை விட்டது. உள்ளே குஞ்சுகள் போட்ட கூச்சல் எனக்கே கேட்டது. போனை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன்.

வசந்தா, காக்கையாய் வந்தது நீயா? அப்படியென்றால் உன்னை விரட்டியது யார்? இல்லை, விரட்டியதுதான் நீயா? உன் சோற்றுக்கு நீயே ஏன் குறுக்கே நிற்கப் போகிறாய்? இல்லை, இரண்டுமே வெறும் பறவைதானா? போடி, யோசிக்க யோசிக்கப் பைத்தியம் பிடிக்கிறது.

கீழே வந்து சரண்யாவை உட்காரவைத்து இலை போட்டேன். அக்கா பதறிப்போய், "காக்கா எடுக்காம சாப்பிடறதா? அடுக்குமாடா இது?" என்று கையைப் பிடித்தாள்.

"உயிரோட இருந்தப்போ என்னிக்காவது பொண்ணப் பட்டினி போட்டுட்டு வசந்தா சாப்பிட்டிருக்காளா அக்கா? இன்னிக்கு மட்டும் எப்படிச் சாப்பிடுவா?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு எங்கிருந்து அந்தப் பேச்சு வந்ததோ. சரண்யா அழுதுகொண்டே சாப்பிட்டாள். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்த அக்காவும் தன் இலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நான் செய்தது சரியா? இன்னும் தெரியவில்லை. நீ இருந்திருந்தால் உன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பேன். இப்போது யார் முகத்தைப் பார்ப்பது?

ஒன்று மட்டும் சொல்கிறேன். குஞ்சுகள் பறந்துபோகும்வரை அந்த மரத்தில் கத்தி படாது. வரும் ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரிக்குப் போய், அந்தப் பையன் வீட்டில் உட்கார்ந்து, உனக்கும் சேர்த்து நானே சம்மதம் சொல்லப் போகிறேன். தப்பு என்றால் வந்து என்னைத் திட்டு. அப்படியாவது உன் குரலை ஒருமுறை கேட்கிறேன்.

இப்படிக்கு,
சரண்யாவின் அப்பா,
உன் வீட்டுக்காரன்