தலைமேல் கை

ஓசூர்,
6.1.2025

அன்பு மருமகள் சுகுணாவுக்கு உன் தாய்மாமன் சென்னகிருஷ்ணன் எழுதுவது. நான் ஜோராக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளை சிவராஜும் பாப்பா ரஞ்சிதாவும் உன் மாமியார் நாகம்மாளும் என்னைவிட ஜோராக இருக்க வேண்டும்.

போன் போடாமல் மறுபடியும் கடிதமா என்று மாப்பிள்ளை கேட்பார். என் போனில் ஸ்பீக்கர் மட்டும்தான் வேலை செய்கிறது. ரூமில் ஆறு பேர். நீ "மாமா" என்றால் ஆறு பேரும் "என்னா கண்ணு" என்கிறார்கள். அதுவுமில்லாமல் எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவன் கையெழுத்து துருப்பிடிக்கக் கூடாது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த கியர் கம்பெனி கேட்டில் பதினோரு வருஷமாக நான்தான் செக்யூரிட்டி. ஜப்பான்காரனே வந்தாலும் என் சல்யூட்டை வாங்கிக்கொண்டுதான் உள்ளே போவான். போன வாரம் புது சூப்பர்வைசர் என் கார்டைப் பார்த்துவிட்டு, "வயசாயித்து தாத்தா, சாக்கு" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டார், வயசாகிவிட்டதாம், போதுமாம். அறுபத்தொன்று ஒரு வயசா? பிப்ரவரியோடு நின்றுகொள்ள வேண்டும். செய்தி கேட்டுக் கம்பெனியே அழுகிறது. இரண்டு மெஷின் ஓடவில்லை.

உன் வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்றைக்கு, "பின்னால இருக்குற ரூமு உங்களுக்குத்தான் மாமா" என்று சொன்னாய். ஏழு வருஷம் ஆகிறது. அது இன்னும் எனக்குத்தானா? இடமில்லாமல் கேட்கவில்லை. மூன்று முதலாளிகள் பங்களாவோடு கூப்பிடுகிறார்கள். உனக்குத் துணையாக இருக்கட்டுமே என்றுதான்.

உடம்பைப் பற்றி நினைக்காதே. சர்க்கரைக்கு ஒரே மாத்திரை. காலை ஆறு மணிக்கு முதல் ஷிப்டு சங்கு ஊதும்போது மாத்திரை என் நாக்கில் இருக்கும். இருபத்தொரு வருஷத்தில் ஒரு வேளை தவறியதில்லை. தலைமேல் கை. ஏரியைச் சுற்றித் தினம் பத்து மைல் நடக்கிறேன்.

"தலைமேல் கை" ஞாபகம் இருக்கிறதா? நான் லாரிக் கதை அளந்தால் நீ என் கையைப் பிடித்து இழுத்து உன் தலைமேல் வைத்துக்கொண்டு, "இப்ப சொல்லு மாமா" என்பாய். புலி பூனையாகிவிடும். ஊரெல்லாம் கதை அளக்கிற நான், உன் உச்சந்தலையில் கை வைத்து மட்டும் இதுவரை பொய் சொன்னதில்லை.

பதில் போடு.

உன் மாமன்,
சென்னகிருஷ்ணன்

*

சாமல்பட்டி,
17.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் போகி அன்றைக்கு வந்தது. வழக்கம்போல எல்லோரையும் உட்காரவைத்து உரக்க வாசித்தேன். கம்பெனி அழுகிற இடத்தில் அத்தைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "உங்க மாமன் கடிதாசி வந்துச்சுன்னா டிவியே வேணாம்டி" என்கிறார். நாலு பேரும் உட்கார்ந்த பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும் என்பது இந்த வீட்டில் இப்போது சட்டம்.

அந்த அறை உங்களுக்குத்தான். பம்ப்செட் பைப்பும் தேங்காய் மட்டையும் அடைத்து வைத்திருந்தோம். இவரே எல்லாவற்றையும் எடுத்துப்போட்டு வெள்ளையடித்துவிட்டார். "மாமா வந்தா மாந்தோப்புக்கு ஒரு ஆளாச்சு, உனக்கும் பொறந்த வூட்டு ஆளாச்சு" என்றார். அம்மா போன பிறகு எனக்கு என்று இருப்பது நீங்கள் ஒருத்தர்தானே மாமா.

அத்தைக்கும் சர்க்கரை. விரலில் குத்திப் பார்க்கிற மிஷின் வாங்கி வைத்திருக்கிறார். "அண்ணன் வரட்டும், ரெண்டு பேரும் சேந்து பத்தியம் இருக்கலாம்" என்று காத்திருக்கிறார். கேழ்வரகு அரைத்து வைத்திருக்கிறோம்.

இங்கே சங்கு கிடையாது. ஆனால் காலையில் ஒரு ரயில் ஊதிக்கொண்டு போகும். அதற்கு மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். மார்ச் ஒன்றாம் தேதி வந்துவிடுங்கள்.

சுகுணா

*

ஓசூர்,
20.2.2025

மருமகளே,

மார்ச் ஒன்று காலை புறப்பட்டு கிருஷ்ணகிரியில் பஸ் மாறி வருகிறேன். மேளதாளம் வேண்டாம், கூச்சமாக இருக்கும். சம்பந்தியம்மாவிடம் சொல், எனக்குக் குத்திப் பார்க்க வேண்டியதில்லை, டாக்டரம்மா அடிக்கடி பார்க்கிறார். மறக்காமல் சொல்.

மாமன்

*

சாமல்பட்டி,
8.3.2025

மாமாவுக்கு,

மூன்று நாள் இருந்தீர்கள். நாலாம் நாள் விடிவதற்குள் பையை எடுத்துக்கொண்டு சொல்லாமல் போய்விட்டீர்கள். பாப்பா இன்னும் பின்னறைக் கதவைத் தட்டுகிறாள்.

அத்தை ஆசையாகத்தானே கூப்பிட்டார்? நீங்கள் மாட்டேன் மாட்டேன் என்றும் விரலைப் பிடித்துக் குத்தியது தப்புதான். சோறு சாப்பிட்ட பிறகும் உங்களுக்கு நூற்றுப் பத்து. "எனக்கு எரநூத்தி நாப்பது, இருவது வருசச் சர்க்கரைக்காரருக்கு நூத்திப் பத்தா? மிஷினு கெட்டுப்போச்சு, பாப்பா, நீ கைய நீட்டு" என்று அதே ஊசியை எடுத்தார். எங்கள் வீட்டில் எப்போதும் ஒரே ஊசிதான், வீணாக்கமாட்டார். அதற்கா அப்படிக் கத்துவீர்கள்? வயசானவர் கையைத் தட்டிவிட்டீர்கள். மிஷின் கீழே விழுந்து உடைந்தது. ஊசியைப் பிடுங்கி அடுப்பில் போட்டீர்கள். அத்தையின் மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. "என் புள்ள வூட்டுல என்னயே அடிக்கிறதா" என்று அழுகிறார்.

நான் யோசித்துப் பார்த்தேன் மாமா. சர்க்கரை, சர்க்கரை என்று இத்தனை வருஷம் சொன்னீர்கள். அதை ஒரு தடவைகூடத் தலைமேல் கை வைத்துச் சொன்னதில்லை.

என்ன நடந்தது? இப்போது சொல்லுங்கள். கதை வேண்டாம்.

சுகுணா

*

ஓசூர்,
14.3.2025

அன்பு மருமகளுக்கு,

முதலில் சம்பந்தியம்மா காலில் விழுந்ததாக எழுதிக்கொள். இங்கே ஓசூரில் நான் அடித்த கொசுகூட இன்னும் உயிரோடு இருக்கிறது. அவரை அடிப்பேனா? புது மிஷின் வாங்கி அனுப்புகிறேன், அமெரிக்கா மிஷின், குத்தாமலே சொல்லும்.

சுகுணா, எனக்குச் சர்க்கரை இல்லை. எச்.ஐ.வி. இருக்கிறது. தலைமேல் கை.

லாரி ஓட்டின காலத்தில் வந்தது. அதை உனக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது, நீயே புரிந்துகொள். 2004-ல் தெரிந்தது. அந்த வருஷம்தான் உன் அம்மா எனக்குக் கடைசியாக ஒரு பெண் பார்த்தாள். மூக்கு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். நல்ல மூக்கு. அன்றைக்கு உன் அம்மா திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

என்னோடு மாத்திரை வாங்க வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் இல்லை. நான் மட்டும் கிழவனாகிவிட்டேன். டாக்டரம்மா ரத்தத்தில் 'லோடு' எவ்வளவு என்று வருஷா வருஷம் பார்ப்பார். கிருமி எத்தனை ஓடுகிறது என்ற கணக்கு அது. "உங்க லோடு மிஷினுக்கே தெரியல சென்னகிருஷ்ணன், சைபர்" என்றார். "முப்பது வருசம் ஓவர்லோடு ஓட்டினவன்மா, இப்பத்தான் காலி வண்டி" என்றேன். அவர் சிரித்தார். தலைமேல் கை.

பிறகு சொன்னார், "இனிமே நீங்க இந்த நோயால சாக மாட்டீங்க. வயசத்தான் பாத்துக்கணும். உங்களுக்கு எலும்பு, கிட்னி, பிரஷரு எல்லாம் மத்தவங்களுக்கு முன்னாடியே வரும். நல்லாச் சாப்பிடுங்க, நடங்க, தனியா மட்டும் இருக்காதீங்க." பத்து மைல் இல்லை, ஒரு சுற்றுதான் நடக்கிறேன், முட்டி விடமாட்டேன் என்கிறது. பீடியை விட்டு ஒன்பது வருஷம். மூன்றாவது மருந்துக்குத்தான் உன் வீட்டுக்கு வந்தேன்.

ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. பாப்பாவை மடியில் வைத்தால் வராது. காலி வண்டிதான். ஆனால் என் ரத்தம் பட்ட ஊசி பாப்பா விரலுக்குப் போகிறபோது எனக்கு டாக்டரம்மாவும் ஞாபகம் வரவில்லை, லோடும் ஞாபகம் வரவில்லை. ஊசியை மட்டும்தான் பார்த்தேன். சம்பந்தியம்மாவிடம் சொல், வீட்டில் ஆளுக்கு ஒரு ஊசி. எனக்காக இல்லை, யாருக்காகவும்.

உன் மாமன்

பி.கு. இந்தக் கடிதத்தை உரக்க வாசிக்காதே.

*

சாமல்பட்டி,
2.4.2025

மாமா,

அந்த வரியை முதலில் எழுதியிருக்கக் கூடாதா?

உறையைப் பார்த்ததும் அத்தை, "என்னா எழுதிகினு இருக்காருன்னு படி, கேக்கலாம்" என்று பாயைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இவரும் உட்கார்ந்தார். கொசு உயிரோடு இருக்கிற இடத்தில் அத்தை சிரித்துவிட்டார் மாமா. கோபம் அதோடு போயிருக்கும். அடுத்த வரியை நான் வாசித்த பிறகுதான் என்ன வாசித்தேன் என்று எனக்கே தெரிந்தது. நிறுத்தினேன். மீதியை இவர் பிடுங்கி வாசித்தார்.

மறுநாள் பாப்பாவை ஊத்தங்கரைக்குக் கூட்டிப்போய் ரத்தம் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. இருக்காது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள், அங்கே ரத்தம் எடுத்த நர்ஸ் அக்காவும் வீட்டுக்கே வந்து சொன்னார். இவர் தலையைத் தலையை ஆட்டினார். அவர் போனதும் பின்னறையில் மறுபடியும் பைப்பைக் கொண்டுவந்து போட்டார். உங்கள் தட்டு எங்கே என்று நான் கேட்கவில்லை. நல்ல மனுஷர்தான் மாமா. ஊருக்குத் தெரிந்தால் பாப்பாவோடு யாரும் பழகமாட்டார்கள் என்று பயப்படுகிறார். நான் நாலு நாள் சண்டை போட்டேன். ஐந்தாம் நாள் சமைத்தேன்.

வராதீர்கள் மாமா. இப்போதைக்கு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எப்போதைக்கு என்று எனக்கே தெரியவில்லை.

ஊசியைப் பிடுங்கினீர்களே, அதற்கு நான் உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். அதைச் செய்யாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எங்கே இருந்தாலும் மாத்திரையை விடமாட்டேன் என்று தலைமேல் கை வைத்து எழுதுங்கள். அந்த வார்த்தை இல்லாத வரியை நான் நம்பமாட்டேன்.

சுகுணா

*

அஞ்செட்டி,
27.4.2025

அன்பு மருமகள் சுகுணாவுக்கு,

இந்த முறை முதலிலேயே எழுதிவிடுகிறேன்: இதை உரக்க வாசிக்கலாம். ரகசியம் ஒன்றும் மிச்சமில்லை.

உன் கடிதத்தை ரூமைக் காலி செய்கிற அன்றைக்கு வாங்கினேன். அழாதே. மாப்பிள்ளையைத் திட்டாதே. நானாக இருந்தாலும் பிள்ளையைத்தான் முதலில் பார்த்திருப்பேன். தலைமேல் கை.

எனக்கு இப்போது பெரிய உத்தியோகம். குந்தாரப்பள்ளி சந்தையில் பழக்கமான கரியப்பன் என்பவர் தன் பண்ணைக்கு என்னை மேனேஜராகக் கையோடு கூட்டிவந்துவிட்டார். ஐம்பது ஏக்கர், முப்பது மாடு. தலைமேல் கை வைத்தால் மாடு நாலு. கொட்டகைக்குப் பக்கத்திலேயே எனக்குத் தனி பங்களா. தகரம் போட்டது. சுற்றிலும் காடு, யானைகள் எனக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் தண்ணீருக்குப் போகின்றன. பேச ஆள் இல்லை என்று நினைக்காதே. மாடுகளுக்குக் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் தெரியும். கரியப்பன் வாரத்துக்கு ஒரு தடவை அரிசி கொண்டுவந்து போடுவார். என்ன வியாதி என்று அவர் கேட்டார். சர்க்கரை என்று சொல்லியிருக்கிறேன்.

சங்கு இல்லை, ரயில் இல்லை. வெளுத்ததும் சிவப்பு மாடு கத்தும், அதற்கு மாத்திரை போட்டுக்கொள்கிறேன். இன்றைய தேதி வரைக்கும் ஒரு வேளை தவறவில்லை. தலைமேல் கை.

ரோட்டுக்கு இறங்க ஆறு மைல் நடக்க வேண்டும், அங்கே காலையில் ஒரு பஸ். முட்டி கொஞ்சம் வீங்கியிருக்கிறது. இந்த இரண்டும் தலைமேல் கை. இதைக்கூட ஒரு ஆடு மேய்க்கிற அம்மா கையில் கொடுத்துத்தான் தபாலில் போடச் சொல்கிறேன்.

பாப்பாவிடம், தாத்தா புலி பிடிக்கப் போயிருக்கிறார் என்று சொல். பின்னறையில் பைப்பு இருந்தால் இருக்கட்டும். சுண்ணாம்பு வாசனையில் மூன்று நாள் தூங்கினேன், அப்படித் தூங்கி ரொம்ப வருஷம் ஆகிறது. தலைமேல் கை.

நீ கேட்டதற்கு வருகிறேன். டப்பாவைக் கொட்டி எண்ணினேன். பதினோரு மாத்திரை இருக்கிறது. தலைமேல் கை.

அது தீர்ந்ததும் ஓசூருக்கு இறங்கி வந்து வாங்கிக்கொள்வேன்.

உன் மாமன்,
சென்னகிருஷ்ணன்