முன்னுண்பாள் எயினிக்கு விடுப்புக் கணக்கிட்டு விடுத்த ஓலை

நலம் நிலைக்க. மழை பிழையாது பொழிக. களஞ்சியமும் கழனியும் நிறைக.

மேலைமலை முதல் கீழைக்கடல் ஈறாக ஒரு குடைக்கீழ் ஆளும் நெடுவாகை நாட்டு மன்னன், பகைவர்க்கு இடியும் குடிகளுக்கு நிழலுமாகிய செங்கீரன், தன் தலைநகராம் வாகையூர் அரண்மனையிலிருந்து, முத்தங்கரைத் துறைமுகத்தில் சுங்கம் ஆராயச் சென்றிருக்கும் பேரமைச்சர், எண்ணும் எழுத்தும் கைவந்த அம்பலக்கூத்தர் காண விடுக்கும் ஓலை. உம் இல்லத்தார்க்கும், உம்மை விருந்தோம்பும் முத்தங்கரைக் குடிகளுக்கும், அத்துறை நாடி வரும் மரக்கலங்களுக்கும் நம் வாழ்த்து உரித்தாகுக.

இவ்வோலையை யாமே எழுதுகிறோம். எழுத்துக் கோணியிருப்பின் வயது என்று எண்ணவேண்டாம், எழுதிப் பழக்கமில்லை. எழுத்தனை அழைத்துச் சொல்லியிருப்போம். ஆனால் அவன் காதில் விழுந்தது அடுக்களையில் விழுந்ததற்குச் சமம், அடுக்களையில் விழுந்தால் நம் சோற்றைக் காக்க ஆளில்லை என்பது ஊரெல்லாம் பரவிவிடும். பகைவர்க்கு இடி என்று மேலே எழுதியது வழக்கம் பற்றி எழுதியது. உண்மையில் அஞ்சிக் கிடக்கிறோம்.

நம் தமையனார் சென்ற கார்த்திகை விருந்தில் தேன் கலந்த தினைமாவை ஒரு வாய் உண்டு, இரண்டாம் வாய்க்குக் கை நீட்டியவாறே சாய்ந்ததை நீரும் அருகிருந்து கண்டீர். நஞ்சிட்டவன் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. இவ்வூரிலேயே இருக்கிறான், நாள்தோறும் நம்மை வணங்கிச் செல்பவருள் ஒருவனாகவும் இருக்கலாம். அதனாலன்றோ தை பிறந்ததும், நம் உணவை நமக்கு முன் உண்டு பார்க்கும் முன்னுண்பார் இருவரை அமர்த்தினோம். தாயன் என்பான் வாரம் முழுமைக்கும் உரியவன். புதன் முதல் சனி வரை நம் உண்சாலையிலும், மற்ற நாட்களில் தூதர் விருந்துச்சாலையிலும் இருப்பான். எயினி என்பாள் ஞாயிறு, திங்கள், செவ்வாய் மட்டும் நம் இலைக்கு முன் அமரும் குறைமுறைப் பணியாள். உண்டபின் சிறிது பொழுது பொறுத்து, தமக்கு ஒன்றும் நேரவில்லை என்று கண்டு, இலையை நம் பக்கம் திருப்பி வைப்பர். இலை திரும்பினால் உண்ணலாம். திரும்பாத இலையை நாம் தொடுவதில்லை.

வெள்ளிதோறும் யாம் நோன்பிருப்பதால் உண்சாலை அடைபடும். அன்று பணியாளர் எல்லார்க்கும் வேலையின்றியே அன்றைய கூலியாகிய படிநெல் உண்டு என்பது நம் ஆணை. முன்னுண்பார்க்கு இது கருணையன்று, தேவை. கசப்பறிய நிலவேம்பு மென்று நாவைப் பழக்குகிறவர்கள். ஓய்வு கிடையாத நா மரத்துப்போகும். எல்லார்க்கும் என்று எழுதினோமாதலால் எல்லார்க்கும் கிடைக்கிறது என்று நம்பி நிம்மதியாக உண்டுவந்தோம்.

இனி, நேற்று, செவ்வாயன்று, நடந்ததைக் கேளும். எயினி ஒரு கவளம் உண்டாள். பொறுத்திருந்தாள். இலையைத் திருப்பவில்லை, அதன்மேல் தன் உள்ளங்கையை விரித்து வைத்துவிட்டாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறோம்: "சாமி, இதைத் தொடாதீங்க. நல்லதா கெட்டதான்னு என் நாக்குக்குத் தெரியல. ஆடி மாசத்துலேர்ந்தே தெரியல."

ஆடி முதல்! அம்பலக்கூத்தரே, ஆடி முதல் யாம் உண்ட ஒவ்வொரு கவளமும் நினைவுக்கு வந்தது. வேப்பிலை அரைத்துக் கொடுக்கச் சொன்னோம். பச்சைக் குழந்தை கூழ் உண்பதுபோல் முகம் சுளிக்காமல் உண்டாள்.

மறைத்தாள், சிறையிலிடுக என்று காவல்தலைவன் குதித்தான். ஏன் முன்பே சொல்லவில்லை என்று வினவினோம். ஆடிப் பிறப்பன்றே பேரமைச்சராகிய உம்மிடம் வந்து நா மரத்ததைச் சொன்னதாகவும், ஓய்வு நாள் கேட்டதாகவும் உரைத்தாள். அதற்கு நீர், ஓய்வு வெள்ளியன்று வருவதென்றும், வெள்ளி அவள் முறையன்று என்றும், ஆகவே அவளுக்கு உரிய ஓய்வு ஏதுமில்லை என்றும், எப்படியும் வாரத்தில் நான்கு நாள் வீட்டில்தானே கிடக்கிறாள் என்றும் மறுமொழி கூறினீராம். அந்த நான்கு நாளுக்குப் படிநெல் இல்லை என்பதை நீர் மறந்தீர். அவள் வீட்டில் கிடக்கவில்லை. மருந்துக் கிடங்கில் திப்பிலியையும் மிளகையும் நாவிலிட்டுத் தரம் பிரித்துப் பிழைக்கிறாள். அந்த நாவைத்தான் நமக்கும் நஞ்சுக்கும் நடுவே காவல் வைத்திருந்தீர்.

யாம் செவ்வாய் முதல் அஞ்சுகிறோம். அவளோ ஆடி முதல் அஞ்சியிருக்கிறாள், அதுவும் நம் கண்முன் அமர்ந்து, விழுங்குவது இன்னதென்று அறியாமல், வேலை போய்விடுமே என்று மென்றுகொண்டு. இதை எண்ணும்போது நமக்கு வெட்கமாகவும் இருக்கிறது.

இன்று புதன். தாயன் முறை. அவன் இலையைத் திருப்பி வைத்தும் நமக்குக் கை போகவில்லை. சோற்றுப் பருக்கைகளை இலையில் வரிசையாக அடுக்கி, நீர் செய்யத் தவறிய கணக்கை யாமே செய்தோம். ஏழு நாள் பணிக்கு உரியவன் ஏழு ஓய்வு பெறுமிடத்து, மூன்று நாள் பணிக்கு உரியவள் மூன்று ஓய்வு பெறுவதே நேர். ஓய்வு எந்தக் கிழமையில் விழுகிறது என்பது கேள்வியே அன்று. ஆண்டில் எவ்வளவு பங்கு உழைக்கிறாள் என்பதே கேள்வி. தை முதல் இன்றுவரை முப்பத்தைந்து வெள்ளிகள் கழிந்தன. அவள் பங்கு பதினைந்து. அப்பதினைந்தும் அவளுடைய முறை நாட்களிலிருந்தே, படிநெல் குறையாமல் கழியவேண்டும். அஃதாவது ஐந்து வாரம்.

ஆகவே ஆணையிடுகிறோம். வரும் ஞாயிறு தொடங்கி எயினி ஐந்து வாரம் விடுப்பில் இருப்பாளாக. வாயில், கொட்டில், விளக்குச்சாலை எங்கும் உள்ள குறைமுறைப் பணியாளர் யாவர்க்கும் இதே கணக்கு நடப்பதாக. தாயனை அவள் இடத்தில் அமர்த்தலாமே என்பீர். அவனுக்கு அந்நாட்களில் தூதர் விருந்துச்சாலை உண்டு. ஒருவர் ஓய்வை மற்றவர் நாவில் ஏற்றும் வேலை இனி வேண்டாம்.

அவ்விடத்தில் நீர் அமர்வீராக. ஞாயிறும் திங்களும் செவ்வாயும், ஐந்து வாரமும், முதல் கவளம் உம்முடையது. எனக்கு நஞ்சின் சுவை தெரியாதே என்று முறையிட்டு மறு ஓலை விடுக்கவேண்டாம். ஆடி முதல் அவளுக்கும் தெரியவில்லை. தெரிந்தே அவளை அமர்த்தினீர், தெரியாமல் யாம் உண்டோம். உண்டபின் பொறுத்திருந்து இலையைத் திருப்பி வையும். உம் முகத்தைப் பார்த்தே யாம் கை வைப்போம்.

ஓலை கண்ட அளவில் சுங்கப் பணியைத் துணையமைச்சரிடம் ஒப்புவித்து, சனி மாலைக்குள் வாகையூர் வந்து சேர்க. குதிரை அனுப்பியுள்ளோம். இதற்கு உறுதியாக நம் வாகைப்பூ முத்திரையை நம் கையாலேயே இட்டோம். யாம் செவ்வாய் முதல் பசித்திருக்கிறோம். நீரும் பசியோடு வருக.