வலப்பக்கம்

ஸ்காபரோ
02.01.2024

அன்பு மகள் ஸ்டெபனிக்கு அம்மா எழுதுவது.

ஃபோன் எடுக்கிறாய் இல்லை, அதுதான் கடிதம். உன் தங்கச்சி செரீனாவின் முப்பத்தோராம் நாள் பூசை 13ஆம் திகதி, சனிக்கிழமை. அடக்கத்தன்று தேவாலயத்தில் கடைசி வாங்கில் இருந்துவிட்டு ஒரு சொல்லும் கதைக்காமல் போய்விட்டாய்.

பூசை முடிய செரீனாவின் சாமான்களைக் கொடுத்துவிட வேண்டும். உடுப்புகளை மடித்து வைத்தேன். அழுகை வரவில்லை. நீங்கள் இரண்டு பேரும் படித்த யப்பான் படப்புத்தகங்கள்தான் மிச்சம். மேலே கிடந்ததைத் திறந்தேன். எனக்கு இங்கிலிஷ் ஓடாது, படம் பார்த்தேன். ஒரு பெட்டை பையோடு கதவைத் திறந்து போகிறாள். பிறகு புருஷன் காலடியில் இருந்து அழுகிறாள். கடைசியில் கலியாண உடுப்பில் சிரிக்கிறாள். எழுதினவன் நல்ல புத்திதானே சொல்லியிருக்கிறான்? உன் புருஷன் மாக்கஸ் இன்னும் காத்திருக்கிறான். பூசைக்கு அவனோடு வா பிள்ளை.

அம்மா, அன்ரனெற்

அஜக்ஸ்
05.01.2024

அம்மா,

அந்தப் புத்தகங்களை வலப்பக்கத்தால் திறக்க வேண்டும். யப்பான்காரர் அப்படித்தான் படிப்பார்கள். கலியாணம் முதல். கதவுதான் கடைசி.

எல்லாப் புத்தகமும் அப்படி இல்லை. முக்கால்வாசியில் பெட்டைகள் பெடியனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்ப்பானா என்று நிற்பார்கள். பதின்மூன்று வயதில் எனக்கு அதுதான் பிடிக்கும். மாக்கஸுக்கு நாலு வருஷம் அப்படித்தான் கட்டிக் கொடுத்தேன். அவன் அடித்த அடுத்த நாளும் கட்டினேன். கதவுப் புத்தகம் செரீனா படிக்கத் தந்தது.

அவன் வந்தால் நான் வரமாட்டேன்.

ஸ்டெபனி

ஸ்காபரோ
09.01.2024

என் பிள்ளைக்கு,

வலப்பக்கத்தால் பார்த்தேன். இரண்டு தரம் பார்த்தேன்.

நீ பையோடு வந்து நின்ற அன்று "திரும்பிப் போ, புருஷன்காரன் பாவம்" என்று சொன்னது நான். "அவளை உள்ள விடுங்கோ அம்மா" என்று செரீனா கத்தினாள். உன் முகத்தில் காயம் இருந்ததா என்று இப்போது யோசிக்கிறேன். தெரியவில்லை. நான் பார்க்கவில்லை.

மாக்கஸுக்கு ஃபோன் எடுத்தேன்.
"பூசைக்கு வராதையும் தம்பி."
"ஏன் மாமி, என்ன நடந்தது?"
"புத்தகத்தைப் பிழையாப் பாத்திட்டன்."
"என்ன புத்தகம்?" என்றான். வைத்துவிட்டேன்.

உடுப்புகளைக் கொடுக்கிறேன். புத்தகங்களைக் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை பின்வாங்கில் இராதே. முன்வாங்கில் எனக்கு வலப்பக்கம் வந்து இரு. அது தங்கச்சியின் இடம். வேறு ஒருவரையும் இருக்க விடமாட்டேன்.

அம்மா