நாற்பது மூட்டை

மார்ச் 3

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் நலமில்லை, அது என்றைக்கும் தனிக் கட்சி.

போன வாரம் பஸ்ஸில் ஒருவர் என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தார். பக்கத்தில் இருந்த பெண்ணும் எழுந்துகொண்டாள். பரவாயில்லையே, ஐம்பத்தாறு வயசுக்கு உலகம் மரியாதை கொடுக்கிறதே என்று காலை அகட்டி ராஜா மாதிரி உட்கார்ந்தேன். மூன்று நிறுத்தம் போன பிறகுதான் கவனித்தேன், மரியாதை கொடுத்த இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவோரம் நிற்கிறார்கள். சலவைக்கூடத்து ஷூவை மாற்ற மறந்து அப்படியே ஏறியிருக்கிறேன். அடியில் என்ன ஒட்டியிருந்தது என்று எழுதினால் நீ இன்றைக்குச் சாப்பிடமாட்டாய். இறங்கி வீடு வரைக்கும் நடந்தேன். அம்மா வாசலிலேயே வாளித் தண்ணீரோடு நின்றாள். "ஷூவை மட்டும் கழுவினாப் போதுமா, ஆளையும் முக்கி எடுக்கணுமா?" என்றாள்.

காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் என்னதான் செய்கிறேன், விவரமாக எழுது என்று கேட்டிருந்தாய். இந்த ஆஸ்பத்திரியில் இருபத்தேழு வருஷமாக இருக்கிறேன். நீ இதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. அந்த வரியை அம்மாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன்.

வார்டுகளிலிருந்து அழுக்கு விரிப்புகளை மூட்டையாகக் கட்டி அனுப்புவார்கள். நாங்கள் ஐந்து பேர் அதை அவிழ்த்துப் பிரிக்கிறோம். ரத்தம் பட்டது முதலில் பச்சைத் தண்ணீருக்குப் போகவேண்டும், சுடுதண்ணீர் பட்டால் கறை ஜென்மத்துக்கும் போகாது. சீழ், வாந்தி, மற்றது எல்லாம் வேறு தொட்டி. உதறவும் கூடாது, உள்ளே ஊசி இருக்கும். தடவித்தான் பார்க்கவேண்டும். ஊசி கிடைக்கும், கத்தரிக்கோல் கிடைக்கும், ஒரு தடவை பல்செட் கிடைத்தது. உடையவர் வந்து கழுவாமல்கூட மாட்டிக்கொண்டு போனார்.

உன் அப்பன் ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை பிரிப்பான் என்று நினைக்கிறாய்? நாற்பது. கையுறையை மாட்டிவிட்டால் நாற்பதுக்குக் குறைய மாட்டான். பஸ்ஸில் மூக்கைப் பொத்தியவர்களுக்கு இது தெரியாது.

அன்புடன்,
அப்பா


ஏப்ரல் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் எவ்வளவு நல்ல நேரத்தில் வந்தது தெரியுமா? எந்த வேலையில் ஒரு ஆள் நாளைக்கு எவ்வளவு செய்வார், எந்த வயதில் எவ்வளவு சம்பளம் கொடுக்கலாம் என்று எங்கள் கம்பெனி வருஷாவருஷம் ஒரு கையேடு போடும். எல்லா ஊர் நிர்வாகங்களும் அதை வாங்கிப் பார்த்துத்தான் சம்பளம் நிர்ணயிக்கின்றன. இந்த வருஷம் ஆஸ்பத்திரி வேலைகள் என் பொறுப்பு. டாக்டர், நர்ஸ், கணக்கர் எல்லாரிடமிருந்தும் விவரம் வந்துவிட்டது. சலவைக்காரர்கள் யாரும் பதில் போடவில்லை. அந்தப் பக்கம் காலியாகவே கிடந்தது. சம்பளக் கணக்கை நிர்வாகங்களிடம் வாங்கி, வேலை அளவை நீங்கள் எழுதிய நாற்பதை வைத்து நிரப்பிவிட்டேன். பெயர் போடவில்லை, பயப்படாதீர்கள்.

அந்தப் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோடு, வயசு ஏற ஏறச் சம்பளம் எப்படிப் போகிறது என்று காட்டும். டாக்டர் கோடு அறுபது வரைக்கும் ஏறுகிறது பாருங்கள்.

எனக்குப் பதவி உயர்வு வரும்போல் இருக்கிறது. நாற்பது மூட்டை என்று படித்ததும் பெருமையாக இருந்தது, அப்பா. அம்மாவை முழங்காலுக்கு டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 14

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய கோடு போட்ட பக்கத்தை அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். என் கோடு முப்பத்தெட்டு வயசு வரைக்கும் தலை நிமிர்ந்து போகிறது, அப்புறம் வயிற்றுவலிக்காரன் மாதிரிக் குனிந்துகொள்கிறது. சரியாகத்தான் போட்டிருக்கிறாய். முதல் மாசச் சம்பளத்தில் ஒரு ஜோடி ஷூ வாங்கி மிச்சத்தில் உன் பாட்டனுக்கு ஒரு சட்டை எடுத்தேன். முப்பத்தெட்டில் இந்த வீட்டுக்கு முன்பணம் கொடுத்தேன். இப்போது அம்மாவின் முழங்காலுக்கு மாத்திரை வாங்கும்போது அட்டையாக வாங்குவதில்லை, எண்ணி வாங்குகிறேன்.

அது இருக்கட்டும். போன திங்கள்கிழமை சூப்பர்வைசர் எங்கள் ஐந்து பேரையும் நிற்கவைத்து ஒரு தாளைப் படித்தார். "ஒரு ஆளுக்கு நாளைக்கு நாற்பது மூட்டை. கையேட்டில் அச்சடிச்சிருக்கு. நமக்கு மொத்தமே நூறு மூட்டைதான் வருது. அப்போ மூணு பேர் போதும்."

கண்ணாடி அக்காதான் சிரித்தாள். உனக்கு அவளைத் தெரியாது. ஐம்பத்தெட்டு வயசு, சோடாபாட்டில் கண்ணாடி, எங்கள் எல்லாருக்கும் மூத்தவள். "நாற்பதா? மூட்டைக்குள்ள என்ன, ரோஜாப்பூவா இருக்கு?" என்று கேட்டாள். அவள் நாளைக்குப் பதினாறுதான் பிரிப்பாள். ஆனால் அவள் கை தடவிய விரிப்பிலிருந்து இன்றுவரைக்கும் ஒரு ஊசி தப்பிப் போனதில்லை. என் கையில் மூன்று தடவை குத்தியிருக்கிறது.

குறைவாகப் பிரிப்பவர்கள் இரண்டு பேர் செப்டம்பர் முடிய வீட்டுக்குப் போகவேண்டும். அதில் அக்கா ஒருத்தி.

அம்மாடி, நாற்பது என்று நான் உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லியிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். நான் பிரிப்பது இருபத்திரண்டு. நல்ல நாளில், இடுப்பு ஒத்துழைத்தால் இருபத்துநாலு. பஸ்ஸில் பட்ட அவமானத்துக்கு உன் முன்னால் கொஞ்சம் மீசையை முறுக்கிக்கொண்டேன், அவ்வளவுதான். மகளிடம் பீற்றிக்கொள்ளாத அப்பன் உண்டா?

கையேட்டில் தப்பு, இருபத்திரண்டு என்று திருத்திக்கொள்ளுங்கள் என எங்கள் நிர்வாகத்துக்கு ஒரு வரி எழுதிப் போடு. ஒரே ஒரு வரி போதும்.

அப்பா


ஆகஸ்ட் 30

அப்பாவுக்கு,

இப்படிப் பொய் எழுதுவீர்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நீங்கள் சொன்னதை நம்பினேன், அதுதான் நான் செய்த தப்பு.

ஒரு வரிதானே என்கிறீர்கள். அந்த வரியை எழுதினால், விவரம் எங்கே கிடைத்தது என்று முதலில் கேட்பார்கள். கையேடு வந்தபோது அதிகாரிகள் கேட்டார்கள். பல ஆஸ்பத்திரிகளில் நேரில் விசாரித்தேன் என்று சொல்லிவிட்டேன். என் அப்பாவின் ஒரே ஒரு கடிதம் என்று இப்போது எப்படிச் சொல்வது? வேலை போய்விடும். இங்கே வீட்டுக் கடன் இருக்கிறது, குழந்தையின் படிப்பு இருக்கிறது. அடுத்த வருஷப் பதிப்பில் யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடுகிறேன்.

நீங்கள் ஏன் இன்னும் அந்த நாற்றத்தில் கிடக்கவேண்டும்? வேலையை விட்டுவிடுங்கள். உங்கள் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு மாசாமாசம் நான் அனுப்புகிறேன். பதவி உயர்வு வந்துவிட்டது. முதல் மாதத்துக்கு இதோடு காசோலை வைத்திருக்கிறேன். அந்தக் கண்ணாடி அம்மாவுக்கும் வேண்டுமானால் கொஞ்சம் கொடுங்கள், யார் கொடுத்தது என்று மட்டும் சொல்லவேண்டாம்.

மகள்


அக்டோபர் 2

அன்புள்ள மகளுக்கு,

உன் காசோலை திரும்பி வருகிறது. கோபமில்லை. கையில் எடுத்தேன், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்துவிட்டேன். வேலைப் பழக்கம். அதற்கப்புறம் சட்டைப்பையில் வைக்கப் பிடிக்கவில்லை.

நேரில் விசாரித்ததாகச் சொன்னாயாமே. நிஜமாகவே ஒரு தடவை வந்து நின்றிருந்தால், மூன்றாவது மூட்டையில் உன் அப்பனுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்திருப்பாய். உன்னை மட்டும் சொல்லி என்ன? இருபத்தேழு வருஷம் மற்றவன் வாந்தியை அலசியிருக்கிறேன், ஒரு நாளும் குமட்டியதில்லை. இந்த ஒரு மாசமாகக் கண்ணாடி பார்த்துச் சவரம் செய்யும்போது குமட்டுகிறது. அம்மா பித்தம் என்கிறாள். அவளுக்கு எதுவும் தெரியாது. நாற்பதும் தெரியாது, காசோலையும் தெரியாது.

உன்னைக் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்ததும் நானே மேலாளர் அறைக்குப் போனேன். தரையெல்லாம் பளபள என்று இருந்தது. ஷூவை வெளியே கழற்றி வைத்துவிட்டுப் போனேன், சாக்ஸில் பெருவிரல் எட்டிப் பார்த்தது.

"ஐயா, நாற்பது முடியாதுங்க. இருபத்திரண்டுதான். நீங்களே ஒரு நாள் வந்து எண்ணிப் பாருங்க."

"அச்சடிச்ச புத்தகத்துல இருக்கே."

"புத்தகம் தப்புங்க."

"தப்புன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நல்ல மனுஷன்தான். பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். சொன்னவனே நான்தான் என்று தொண்டை வரைக்கும் வந்தது. கூடவே பேரக்குழந்தையின் முகமும் வந்தது. "அனுபவத்துல சொல்றேங்க" என்றேன். அவர் பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டார். வெளியே வந்து ஷூவை மாட்டினேன்.

நேற்று முன்தினம் அக்காவுக்குக் கடைசி நாள். அன்றைக்கும் பதினாறு மூட்டை பிரித்தாள், ஒன்று குறையவில்லை. கையுறையைக் கழற்றிக் கழுவிக் கொடியில் காயப்போட்டாள், நாளைக்கு வருகிறவள் மாதிரி. மகன் வீட்டுக்குப் போகிறாளாம். மருமகளுக்கு இவள் மேல் வருகிற வாடை பிடிக்காதாம். பின்கட்டில் ஒரு அறை ஒழித்துத் தருகிறார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

போகும்போது என் மேஜைக்கு வந்தாள். நான் தலை நிமிரவில்லை. மூட்டையின் முடிச்சு இறுகியிருந்தது என்று வைத்துக்கொள்.

"தம்பி, எனக்கு ஒரே ஒரு ஆசைதான். அந்த நாற்பதைச் சொன்னவன் எவனோ, அவன் ஒரு நாள் இங்க வந்து நிக்கணும். ஒரே ஒரு மூட்டையை அவன் கையால அவுத்துப் பார்க்கணும்."

அது எனக்கு அன்றைக்குப் பத்தொன்பதாவது மூட்டை. அவிழ்த்துக்கொண்டுதான் இருக்கிறான் அக்கா, உங்கள் முன்னாலேயே நிற்கிறான் என்று நான் சொல்லவில்லை.

அப்பா