வேறு எட்டு

செவ்வாய், இரவு.

அது வேறு எட்டு என்று அண்ணனிடம் இன்றும் சொல்லவில்லை. கடைசல் இயந்திரத்துக்குச் மரத்தைக் கவ்விப் பிடிக்கும் சக் கேட்டு அவன் போன் செய்தபோது, கடைக்காரர் "எட்டுதானே?" என்றார். அங்குலத்துக்கு எத்தனை திருகுப் புரி என்பது அவர் கேள்வி. அண்ணனோ துளையின் அளவு என்று நினைத்து, எட்டு நூல் ஓர் அங்குலம் அல்லவா, "ஆமா" என்றான். சக் ஏறும் எங்கள் இயந்திரத் தண்டில் பத்துப் புரி. அளவுகோல் வைத்து எண்ணியிருக்கிறேன்.

இன்று வந்த சக் ஒரு சுற்றிலேயே நின்றது. நான் அருகில் போனேன்.

"என்ன டீச்சரே, இதுக்கும் பொஸ்தகம் உண்டா? புதுசாக்கும், இறுக்கமாத்தான் இருக்கும். போ மக்கா," என்றான் அண்ணன்.

இந்த 'டீச்சர்' கேலியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. போய்விட்டேன்.

ஸ்பானர் போட்டுத் திருகியிருக்கிறான். தண்டின் புரி மழுங்கிவிட்டது. ஞாயிற்றுக்குள் சர்ச்சுக்குத் தரவேண்டிய தூண்கள் பாதியில் கிடக்கின்றன. சக் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.